குளத்திற்கு இட்ட மருந்து

ராசாங்கம்: “...உலகெங்கும் தவளையினம் குறைந்துவரும் இக்காலத்தில், அரியலூர்க் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் பேராசிரியை கண்ணகி அவர்கள், மூன்றாண்டுகளாக வெள்ளிதோறும் எங்கள் ஊர்க் குளத்திற்கு வருகிறார். வந்தவுடன் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் தம் பூட்சுகளைக் கழுவுவார், திரும்பும்போதும் கழுவுவார். கொடுத்த டீயை ஆறவிட்டே அருந்துவார்...” இதுவரைக்கும் சரியாங்கம்மா?

கண்ணகி: டீயெல்லாம் எதுக்குங்க தலைவரே, வரவேற்புரையில?

ராசாங்கம்: ஆஸ்திரேலியாவுலேர்ந்து நம்ம தவளயப் பாக்க வர்றவங்களுக்கு நம்ம ஊரு உபசாரம் தெரியணும்ல? பஞ்சாயத்துத் தலைவரு பேச்சுன்னா சும்மாவா...

கண்ணகி: அது இருக்கட்டும். இது என்ன நெடி?

ராசாங்கம்: எது...?

கண்ணகி: கண்ணு எரியுது. கரையெல்லாம் வெள்ளைக்கோடு போட்டிருக்கீங்க. மந்திரி வந்தாலும் போடுறதுதான். ஆனா நெடி தண்ணியிலேர்ந்துல்ல வருது?

ராசாங்கம்: வெயிலு வேற... ஒரு எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?

கண்ணகி: தலைவரே!

ராசாங்கம்: ...ரெண்டு மூட்டைங்கம்மா. நேத்து சாயங்காலம் கொட்டுனோம்.

கண்ணகி: குளத்துலயா? பிளீச்சிங் பவுடரையா?

ராசாங்கம்: நீங்க செய்யிறதப் பாத்துத்தானே... பூட்சுக்கே ரெண்டு தடவ போடுறீங்க. தவளைக்கு ஆகுற மருந்துன்னு நெனச்சுப்புட்டோம்.

கண்ணகி: ஐயோ... அது தவளைக்கு மருந்து இல்லீங்க. ஒரு குளத்துத் தவளைக்கு வந்த நோய், நம்ம காலோட அடுத்த குளத்துக்குப் போயிடக் கூடாதுன்னு கழுவுறது. தவளை தோலாலதான் தண்ணி குடிக்கும். இந்தக் காரம் பட்டா...

ராசாங்கம்: இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? மூணு வருசமா கழுவுனீங்க, ஒரு வார்த்த சொல்லலியே.

கண்ணகி: ...சொல்லலதான்.

ராசாங்கம்: அவங்க வேன் எங்க வருதுங்க?

கண்ணகி: திருச்சியில கெளம்பிட்டாங்களாம்.

ராசாங்கம்: இன்னிக்கி வெள்ளிக்கெழம. சிறுவாச்சூர்ல காளி கோயிலு கூட்டம் ரோட்ட அடச்சிரும். கொஞ்ச நேரம் இருக்கு. ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க... எறையூர்ப் பக்கம் கரும்புக் கொல்லையில தண்ணி பாயுது, தவள கொள்ளையாக் கெடக்கு. எம் மச்சான் செல்லப்பன் வண்டிய எடுத்துட்டுப் போனான்னா ஒரு சாக்கு நெறய...

கண்ணகி: புடிச்சாந்து இந்தத் தண்ணியில விடப் போறீங்களா?

ராசாங்கம்: கரையில விடுவோம். எறையூர்த் தவளன்னு அது மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு?

கண்ணகி: வெளையாடாதீங்க. அஞ்சு நாட்டுக்காரங்க சேர்ந்து, தவளை ஏன் அழியுதுன்னு தேடிக்கிட்டிருக்காங்க. எங்க நோய் வரலையோ, அந்தக் குளத்தை வச்சுத்தான் மத்ததை ஒப்பிடுறாங்க. அப்படி எடுத்துக்கிட்ட குளத்துல நம்மளதும் ஒண்ணு. எறையூர்த் தவளையோட தோலைப் பஞ்சால தொட்டுச் சோதனைக்கு எடுத்துக்கிட்டுப் போனா, அவங்க பாக்குற அத்தனையும் தப்பாயிடும்.

ராசாங்கம்: சரி... உண்மையச் சொன்னா?

கண்ணகி: நம்ம குளத்தை விட்டுடுவாங்க. என்னையுந்தான்.

ராசாங்கம்: அப்ப பழிய எம்மேல போட்டுடுங்கம்மா. வெவரங்கெட்ட ஆளு, ரெண்டு மூட்டையக் கொட்டிப்புட்டான், தவளயெல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க. உங்க பேரு கெடாது.

கண்ணகி: அப்படிச் சொன்னா நம்பிடுவாங்க.

ராசாங்கம்: நம்புவாங்கல்ல!

கண்ணகி: ராத்திரி மழை பெஞ்சிருக்கு. ஒரு தவளையும் கத்தல. நேத்து கொட்டினதுல செத்துதுன்னா, ஒண்ணாவது மெதக்கணுமே... எங்க தலைவரே?

ராசாங்கம்: ...நேத்து சாகலீங்க. செவ்வாக்கெழமையே மெதந்துச்சு. கூடயில அள்ளுற அளவுக்கு... உங்க ஒழைப்பெல்லாம் போச்சேன்னு, ஊருக்குத் தெரியாம அந்தக் கருவேல மரத்தடியில பொதச்சிட்டேன். மிச்சத்தயாவது காப்பாத்தலாம்னுதான் மூட்டய வாங்கியாந்து கொட்டுனது. உங்ககிட்ட மறச்சது தப்புதாங்கம்மா. அதான் பழிய எம்மேல போடச் சொன்னேன்.

கண்ணகி: பேச்சை மடிச்சு வச்சிட்டு ஒரு மம்பட்டி எடுத்துக்கிட்டு வாங்க.

ராசாங்கம்: தோண்டவா? அவங்க கண்ணுல பட்டா என்னங்கம்மா சொல்லுவீங்க?

கண்ணகி: போன வெள்ளிக்கிழமையே நாலஞ்சு செத்துக் கெடந்ததை நான் பாத்தேன் தலைவரே. நோய் என் காலோடதான் வந்துச்சோன்னு பயந்து, யாருகிட்டயும் சொல்லல. வேன் வந்ததும் மொதல்ல அதைச் சொல்றேன். அப்புறம் எந்த நோயின்னு தோண்டிப் பாக்க, அந்த மரத்தடிக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன்.