கெர்நோலின் பொருள்

அந்த அட்டைப் பெட்டிகளை ஸ்டேஷனில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள், ஐயா. பூஞ்சை பிடித்தால் எழுத்து போய்விடும்.

அவைதான் எங்கள் அகராதி. பதினாறு வயதில் தம்பிக்குப் பழைய கெல்டிக் மொழிகள்மேல் பைத்தியம் பிடித்தது. அவற்றின் சாயலில் சொந்தமாகவே ஒரு மொழி செய்யத் தொடங்கினான். முப்பது வருட வேலை. அதைப் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். "மாமா, அவருக்குத்தான் வேலையில்ல, நீங்களுமா?" என்று அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

சொல்லுக்கு ஓர் அட்டை, ஒத்துக்கொண்டதற்கு அதில் இருவர் கையெழுத்தும். ஒரு சொல்லின் பிறப்பிலும் பொருளிலும் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் அட்டையைக் கிழித்துவிட வேண்டும். ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் சொல்வதே முடிவு. தனக்கு ஆஸ்துமா என்பதால் தம்பியே எழுதிய விதி இது.

நாலாயிரம் சொற்களில் என்னுடையது ஒன்றே ஒன்று, கெர்நோல். 'கெர்' சூடு, 'நோல்' இருக்கை. ஒருவர் எழுந்து போன நாற்காலியில் மிஞ்சியிருக்கும் சூடு. அம்மா இறந்த வாரத்தில் செய்தேன். பிறகு பிரிவு, வீடு என்று பொருள்கள் கிளைத்தன. அன்று தம்பி கண்கலங்கித்தான் கையெழுத்துப் போட்டான்.

போன மாதம் அது தன்னுடைய 'கெர்ன்' என்ற வேரிலிருந்து பிறந்தது என்றான். கெர்ன் என்றால் மூலை. ஆகவே முதற்பொருள், மூலையில் ஒதுக்கிய மிச்சம்.

"நீ செஞ்சதா நெனச்சுக்கிட்டிருக்கே அண்ணே. அது என் சொல்லுதான். ஒத்துக்கோ, இல்லேன்னா கிழிச்சிடலாம்."

அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். எனக்கு அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம் கேட்டேன்.

நான் மருந்துக்கடைக்காரன். அவனுக்கு இன்ஹேலர் கொடுப்பதும் நான்தான். தீர்ந்ததற்கும் புதியதற்கும் உள்ள எடை வித்தியாசம் என் கைக்குத் தெரியும். சனிக்கிழமை தீர்ந்த ஒன்றைக் கொடுத்தேன். ஞாயிறு மதியம், கெர்நோலின் பழைய அட்டை அடிப்பெட்டியில் இருக்கும், தேடு என்றேன். அங்கே தூசு அதிகம். மூச்சுத் திணறி, இன்ஹேலரை மூன்று முறை அழுத்திப் பார்த்தான்.

"அண்ணே... வேற குடு."

வேறொன்று என் சட்டைப்பையில் இருந்தது. கீழே அவன் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.

பிறகு அட்டையில் என் பொருளே முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் அவன் எழுதிய விதிப்படிதான். கெர்நோல் இப்போது சரியான பொருளில் இருக்கிறது, ஐயா. இனி அதைத் தப்பாகச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை.