மேலிருந்து இரண்டாவது படி

— எதுக்குங்க அதை ஆஸ்பத்திரிக்குள்ள தூக்கிட்டு வந்தீங்க?

— ஏணி முழுசும் இல்லம்மா, ஒடிஞ்ச படி மட்டும்தான். கொஞ்சம் நகரு, ஜன்னல் வெளிச்சத்துல பாக்கணும்.

— என் தம்பி கால்ல கம்பி வச்சுப் படுத்திருக்கான். வலிக்குதாடான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கம்பெனியில உடைக்கிறது பத்தலையா உங்களுக்கு?

— விடுக்கா. மாமா பொழப்பே அதுதானே. வாழைநாரைப் பிளாஸ்டிக்ல போட்டு ஏணி வார்ப்பாங்க, அப்புறம் மெஷின்ல மாட்டி எப்ப ஒடியும்னு இழுத்துப் பாப்பாங்க. சும்மா சொல்லக்கூடாது, நானும் கூலி வாங்காம ஒரு சோதனை பண்ணிக் குடுத்துட்டேன்.

— சிரிக்காத மாப்ள. நீ விழுந்ததுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. ரெண்டு பேர் நின்னாலும் தாங்கும், நம்பி ஏறுங்கன்னு உன் ஆளுங்க கையில ஏணியைக் குடுத்தவன் நான்.

— பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்க. பிளாஸ்டிக்கோட சேர்ந்த நாரு என் தம்பியைத் தள்ளி விட்டுடுச்சு.

— அக்கா, போதும்.

— என்னடா போதும்? மத்த பெயின்டருங்க இன்னும் அதே மாதிரி ஏணியிலதானே நிக்கிறாங்க?

— எல்லாரையும் இறக்கிட்டேன். காலையிலயே போன் போட்டு, யாரும் ஏறக்கூடாதுன்னுட்டேன். இது எங்க தப்புன்னா அத்தனை ஏணியையும் திரும்ப வாங்கணும். என் வேலை போனாலும் போகட்டும்.

— மாமா, வேலையை விடுற அளவுக்கெல்லாம்...

— இரு. இந்த ஒடிஞ்ச முனையைப் பாரு. கேள்வி ஒண்ணுதான். நார் உருவிக்கிட்டு வந்துச்சா, அறுந்துச்சா?

— ரெண்டுல எதுவா இருந்தா என்னங்க? விழுந்தவன் விழுந்தவன்தானே.

— அப்படி இல்லம்மா. நாரைச் சரியாக் கழுவாம வார்த்தா பிளாஸ்டிக் அதைப் பிடிக்காது. எண்ணெய்த் தலையில ரிப்பன் நழுவுற மாதிரி முழு நாரா வெளிய வந்துடும். அது எங்க தப்பு. நல்லாப் பிடிச்சிருந்தா நார் அறுந்துதான் போகும்.

— சரி, இது எப்படி இருக்கு?

— அதான் பாக்குறேன். ஓரத்துல அறுந்திருக்கு. நடுவுல மட்டும் நார் வெளுத்து, ஊறி, உப்பிக் கிடக்கு. தொட்டுப் பாரு, மொழுமொழுன்னு அரைவட்டம். இது ஒடிஞ்ச இடமே இல்ல. ஓட்டை. மாப்ள, உன்னைத்தான் கேக்குறேன். படியில ஓட்டை போட்டது யாரு?

— கால் வலிக்குது மாமா. நர்ஸைக் கூப்பிடுக்கா.

— இப்பதான் வலிக்குதா? கேக்குறார்ல, சொல்லுடா.

— பெயின்ட் டப்பா மாட்ட ஒரு கொக்கி வேணும்ல. ஒரு கையில டப்பா, ஒரு கையில பிரஷ், ஏணியைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போறது? மேலேருந்து ரெண்டாவது படியில ட்ரில் வச்சேன். சும்மா சொல்லக்கூடாது, வெண்ணெய் மாதிரி இறங்குச்சு.

— நுனிக்கொம்புல உக்காந்து அடிக்கொம்பை வெட்டுன கதைதான். டப்பாவைக் காப்பாத்திட்டுக் காலை விட்டுட்டியேடா.

— மேல பிளாஸ்டிக் மூடியிருக்கிற வரைக்கும் நாருக்குக் கேடில்ல மாப்ள. ஓட்டை போட்டா நார் அறுந்துபோகுது, உள்ளயும் தண்ணி போகுது. நீங்க சுவரைக் கழுவுன தண்ணியை எல்லாம் அது குடிச்சிருக்கு. ஊறிப்போன படியில ஏறி நின்னிருக்க.

— கோபப்படாதீங்க மாமா. நேத்தே சொல்லியிருக்கணும். நீங்க வந்து நின்ன முகத்தைப் பாத்ததும் வாய் வரல.

— கோபமா? உன் கால் சரியா இருந்தா இப்பவே கட்டிப் பிடிச்சிருப்பேன். எங்க தப்பு இல்லடா. ஏணி நல்ல ஏணி.

— ஏங்க, அவன் இப்படிப் படுத்திருக்கான், நீங்க சிரிக்கிறீங்க.

— சிரிக்கலம்மா, இப்பதான் மூச்சு வருது. அந்தப் போனைக் குடு.

— மாமா, ஒரு நிமிஷம்...

— சும்மா படு. உன் ஆளுங்க காலையிலேருந்து கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, பாவம். அலோ, நான்தான். பாத்துட்டேன், ஏணி மேல குறையில்ல. இவன் பண்ணின வேலை. ஆமா, தைரியமா ஏறுங்க. என்ன, பேசிக்கிட்டே ஏறுறீங்களா? சரி சரி, நடக்கட்டும்.

— மாமா, வைக்காதீங்க, போனை வைக்காதீங்க.

— வச்சாச்சு. ஏன்டா, என்ன?

— அந்தக் கொக்கி நல்லா இருக்குன்னு எல்லாரும் கேட்டாங்க மாமா. எல்லா ஏணியிலயும் நான்தான் போட்டுக் குடுத்தேன்.