பிரேக்குக்குத் தேங்காய் எண்ணெய்

நிவித்திகலப் பக்கம் தேயிலை கவ்வாத்து வெட்டும் வேலையை விட்டுவிட்டுப் பெல்மதுளைக்கு நடந்துகொண்டிருந்தேன். மழைக்கு ஒரு தேத்தண்ணீர்க் கடையில் ஒதுங்கினேன். பக்கத்து மேசையில் பள்ளிக்கூட வேன்காரர் ஒருவர் தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இனிமே பிரேக் கத்தாது தங்கச்சி. தேங்காண்ண ஊத்திட்டேன்.”

“எதுலண்ணே?”

“சக்கரத்துக்குள்ள தட்டு இருக்குல்ல, அதுல. பிரேக் பேட் தேஞ்சு அதுல உரசுதாம். பேட் மாத்தணுமாம். கராஜ் பாஸுக்கு யாவாரம் நடக்கணுமே.”

“நேத்து கோயில் வளைவுல வண்டி நிக்கலியாமே?”

“யாரு சொன்னா? தேயிலைக்குள்ள போயி நின்னுச்சே.”

“புள்ளைங்க பயந்துபோயி வந்துச்சுங்கண்ணே.”

“பிரேக் சத்தத்துக்குப் பயப்படுதுங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப சத்தம் இருக்கா?”

அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“உங்க மகள இப்ப வேன்ல காணோமே?”

“அவ ரெண்டு நாளா பஸ்ல போறா.”

“ஏண்ணே?”

அவர் மழையைப் பார்த்தார். “அவங்கம்மா வேன்ல ஏற விட மாட்டேங்கிறா.”

“தோட்டத்து லயத்துப் புள்ளைங்களுக்கும் அம்மா இருக்கோம்ணே. பேட் மாத்துற வரைக்கும் ஒரு புள்ளயும் ஏறாது.”

அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அவர் வெகுநேரம் எழும்பவில்லை.

மறுநாள் காலை பெல்மதுளையில் ஒரு கராஜில் வண்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் வந்தது அந்த வேன். பாஸ் பழைய பேட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தட்டுகளில் இருந்த எண்ணெயைத் துடைக்கச் சொன்னார். வேன்காரர் என் தலைக்கு மேலேயே நின்றார்.

“நல்லா அழுத்தித் தொடைங்க தம்பி. புள்ளைங்க போற வண்டி.”