குசினிக்குள் வரும் ரயில்

உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் மீன் விற்கும் பெண்கள் இருவர். இளையவள் துள்ளலோடு சொன்னாள்:

“ரவுணுக்கு விடப்போற சின்ன ரயில் எங்கட குசினிக்குள்ளாலதான் போகுமாம், அக்கா!”

“ஐயோ! சமைக்கிற இடத்துக்குள்ளாலயோ? அதுக்கு ஏன் பிள்ளை சிரிக்கிறாய்?”

“ரயில் பாதை அளக்க வந்தவையிட்ட ஒண்டுதான் கேட்டனான். மீன் கூடையோட ஏறலாமோ எண்டு. ஓமாம்!”

“மெய்யாவோ?”

“மெய்தான். இந்தப் பஸ்ஸில நாறுது எண்டு கூடைய ஏத்துறாங்களில்லை. மீன் ஓட்டோவில போகுது, நாங்கள் பின்னால போறம். இனி ஒண்டாப் போகலாம்.”

“இது இன்னும் பிளான் மட்டும்தானே. குசினிய எப்ப இடிப்பினம்?”

“தெரியாது. நான் நேற்றே அடுப்பை வெளி முத்தத்துக்குத் தூக்கிட்டன். என்னால அவைக்கு வேலை சுணங்கிப் பிந்தக் கூடாது.”