நாலாம் நம்பர் வீடு

"என்ர ஊட்டுக்காரர் புக்கிங் பட்டனத் தேடி அழுதுட்டாரு கண்ணு."

முன் சீட்டில் இப்படி ஒரு குரல் கேட்டதும், குன்னூர் பஸ்ஸில் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்த நான் நடிப்பைக் கூட்டினேன். கம்ப்யூட்டர் கிளாஸ் நோட்டோடு இரண்டு பெண்கள்.

"அவ்வளவு சின்ன பட்டனுங்களாக்கா?" என்றாள் இளையவள்.

"பெருசுதான். எஸ்டேட்ல வேலக்காரங்க குடியிருந்த லைன் ஊடுகள ஹோம்ஸ்டே ஆக்கிட்டாங்கல்ல, அதுக்கு நாஞ் செய்யற வெப்சைட். இன்னைக்கு ஓனர்கிட்டக் காட்டோணும். வெவரம் தெரியாத ஒருத்தர உக்கார வெச்சு புக் பண்ணச் சொல்லி, நீங்க பேசாமப் பாருங்கன்னு சார் சொன்னாருல்ல? இவர உக்கார வெச்சேன். மேல நாலாம் நம்பர் ஊட்டு போட்டோ. நாங்க இருவது வருசம் குடியிருந்த ஊடு. அந்தக் கதவையே தடவிட்டிருந்தாரு. பட்டன் இருக்கற பக்கம் கீழ போகவேயில்ல."

என் ஸ்டாப் வந்தது. பாதிக் கதையில் இறங்க நான் என்ன துறவியா?

"போட்டோவ எடுத்துருங்கக்கா. ஓனர் திட்டுவாரு."

"மனசு வரல. பட்டன போட்டோவுக்கு மேல ஏத்தி வெச்சுட்டேன்."

"இப்பக் கண்டுபுடிச்சாருங்களா?"

"ஒடனே அமுத்திட்டாரு. ஞாயித்துக்கெழமைக்கு நாலாம் நம்பர்ல எங்க ரெண்டு பேருக்கும் ரூம் போட்டுட்டாரு."