அடுக்கி வைத்த வளையங்கள்

முட்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகள் மடியில் உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய். குழாய் நிறையக் குட்டிக்குட்டிப் பீங்கான் வளையங்கள்.

"யாரும்மா ஒன்ன இத ஒழுங்கா அடுக்கச் சொன்னா?" மகள் அழாத குறைதான்.

"கன்னாபின்னான்னு கெடந்துச்சே மக்கா. காலேஜ்ல சார் பாத்தா என்ன நெனைப்பாரு? காலத்தே எழும்பி ஒவ்வொண்ணா அடுக்குனேன்."

"அது அப்படித்தான் கெடக்கணும்! மேலருந்து தண்ணி எறங்கும், கீழருந்து அமோனியா வாயு ஏறும். தண்ணி எல்லா வளையத்துலயும் பரவுனாதான் வாயு அதுல கரையும். நீ அடுக்குனதுல தண்ணி ஒரே ஓட்டமா ஓடிரும். இன்னைக்கு இத வச்சுதான் பரீட்சை, நான் பெயிலு."

"பின்ன இப்ப என்ன செய்யணும்?"

"மடிய விரி." வளையங்களை அம்மா மடியில் கொட்டினாள். "அள்ளி அள்ளி உள்ள போடு. பாக்காத."

அந்த அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போட்டாள். கோயில் உண்டியலில்கூட அவ்வளவு பயபக்தியாகப் போட்டிருக்க மாட்டாள். கடைசிப் பிடியில் ஒரு கண் திறந்தது. விரல் உள்ளே போய் ஒரு வளையத்தை நேராக்கியது. மகள் அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

பிறகு பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். அது எங்கும் பரவி மெல்ல இறங்கியது.

"பாத்தியா? பாஸாயிருவேன்!"

அம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரிதான் மக்கா. ஆனா ஏன் இப்படிக் கெடக்குன்னு சார் கேட்டாருன்னா, அம்மை வெளியூருக்குப் போயிருந்தான்னு சொல்லிரு."