ஏழாம் நம்பர் பெல்ட்

கௌசர்: ரெண்டையும் எதுக்கு மாமா பக்கத்துல பக்கத்துல வெக்கறீங்க? என்னுது எதுனு சொல்லுங்க, எடுத்துக்கினு கெளம்பறேன். நாளைக்கு காலைல காட்பாடில ட்ரெயினு. இன்னும் பேக்கு கூட கட்டல.

தனகோடி: நீயே சொல்லேன். எது உன்னுது?

கௌசர்: இன்னா பரீட்சையா இது? நேஷனல் கேம்ப்புக்குப் போறவ நானு... நம்ம கொடி குத்தியிருக்கிறது தான் என்னுது.

தனகோடி: கொடிய கையால மூடிக்கினேன். இப்ப சொல்லு.

கௌசர்: ...ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.

தனகோடி: மாதிரி இல்லமா. ஒரே பெல்ட்டு தான். இடுப்பு இருவத்தேழர இஞ்சு. எடது கையால இழுக்கற பக்கிள். எடது விலா கிட்ட உறுத்தாத இருக்க கால் இஞ்சு சரிவா வெட்டு. ஆம்பூர்ல எத்தினி வருசமா வெயிட் தூக்கறவங்களுக்கு பெல்ட்டு தெக்கறேன்... எடது கை இழுப்பு நான் தெச்சது ஒருத்திக்கு தான். நீ.

கௌசர்: அந்த இன்னொண்ணு... யாரு ஆர்டரு மாமா?

தனகோடி: தெரியாத மாதிரி கேக்கற பாரு! அது தான் எனக்கு பேஜாரா கீது.

சௌந்தரம்: இன்னாங்க நீங்க, வந்த பொண்ண நிக்க வெச்சே பேசிக்கினு. உக்காரு கௌசர். டீ போடறேன்.

கௌசர்: வேணாம் அத்தை.

தனகோடி: சௌந்தரம், நீ உள்ள போ. இது வேற விசயம்.

சௌந்தரம்: எந்த விசயமா இருந்தாலும் ஊருக்கு கெளம்பற பொண்ணு. சர்க்கர ஜாஸ்தியா போட்டு எடுத்தார்றேன்.

தனகோடி: போ, போ... இந்தா பாரு கௌசரு. ஏஜெண்டு தன்சீல் அகமது போன வாரம் ஒரு லிஸ்ட்டு குடுத்தாரு. கல்ஃப் நாட்டு டீமுக்கு பதினோரு பெல்ட்டு. அவங்க கொடியோட. பேரு ஒண்ணும் இல்ல, நம்பரும் அளவும் தான். ஆறு பெல்ட்டு வரைக்கும் தெச்சிகினே வந்தேன். ஏழாம் நம்பர படிச்சேன்... தோல் வெட்டற கத்தி கைய விட்டு நழுவிடுச்சு. காலு தப்பிச்சது பெரிய விசயம்.

கௌசர்: மாமா, அது என்னுது இல்ல.

தனகோடி: அப்ப யாருது? சொல்லேன்.

கௌசர்: எனக்கு... எனக்கு எப்டி தெரியும்?

தனகோடி: என் கண்ணப் பாத்து சொல்லு. டேபிள பாத்து சொல்றியே.

கௌசர்: சத்தியமா என்னுது இல்ல. இடுப்பு அளவு யாருக்கு வேணாலும் ஒண்ணா இருக்கும்.

தனகோடி: இடுப்பு இருக்கும். எடது கை? விலா வெட்டு? நீ பதினேழு வயசுல விலாவுல அடிபட்டு வந்து இதே எடத்துல உக்காந்து அழுத. உரசுது மாமான்னு. அன்னிக்கி கண்டுபுடிச்ச வெட்டு அது. வேற எந்தக் கம்பெனியும் போட மாட்டான். நான் போட்டது உனுக்கு. உனுக்கு மட்டும்.

கௌசர்: ஞாபகம் இருக்கு.

தனகோடி: ஞாபகம் இருக்குதா? அப்ப இதுவும் இருக்கும். நீ பாட்டியாலா கேம்ப்புல பேரு எடுக்கற வரைக்கும் யாரு முட்ட குடுத்தான், யாரு ஷூ வாங்கித் தந்தான்... ஊரே தூக்கி விட்டுச்சு உன்ன! இந்த வருசம் செப்டம்பர் போட்டிக்கு உன் வெயிட்டுல கீற ஒரே சீட்டு உனுக்கு வந்துச்சு. நாடே உன் மேல கண்ணு வெச்சிகினு கீது. நீ இன்னாடானா அளவு அனுப்பிக்கினு கீற. அங்க கார் குடுக்கறானா? வீடு குடுக்கறானா?

கௌசர்: ஐயோ, யாரும் எனக்கு எதுவும் குடுக்கல!

தனகோடி: இல்ல, உனுக்கின்னா. அங்க போனா உங்க ஆளுங்க தான... இல்ல... நான் இன்னா சொல்ல வந்தேன்னா...

கௌசர்: சொல்லி முடிங்க மாமா.

தனகோடி: விடு. வாய் தவறி...

கௌசர்: எங்க ஆளுங்க. அப்பறம்? ஏன் நிறுத்திட்டீங்க?

தனகோடி: விடுமான்னு சொல்றேன்ல.

கௌசர்: மாமா... வெளியில எவனாவது சொல்லுவான், காதுல வாங்காத போய்டுவேன். இந்த வூட்ல... இந்த டேபிள் மேல உக்காந்து சோறு தின்னவ நானு. போன வருசம் மெடல் வாங்குனேனே, கொடி ஏறும்போது நான் தேம்பித் தேம்பி அழுதேன். நீங்க இங்க டிவி முன்னாடி எழுந்து நின்னீங்களாம். லுங்கிய எறக்கி விட்டுக்கினு, அட்டென்ஷன்ல. எழிலு சொல்லி சொல்லி சிரிச்சா.

தனகோடி: நின்னேன். யாரு இல்லன்னா. அதனால தான வயிறு எரியுது எனக்கு! எழிலு பேர எடுக்காத. எம் பொண்ணப் பாரு. உன்ன மாதிரி தான அவளும் தூக்கினா? ஒரே வெயிட்டு, ஒரே ஜிம்மு. முட்டி போச்சுன்னதும் கேம்ப்ல இருந்து கெளம்புன்னுட்டாங்க. ஒரு நாயி எட்டிப் பாக்கல. ஆபரேஷனுக்கு நான் ஏறாத வாசப்படி இல்ல. அப்பவும் அவ வேற கொடிக்குப் போனாளா? கல்ஃப்ல தான அவளும் கீறா! ஏதோ ஜிம்முல பொம்பளைங்களுக்கு சொல்லிக் குடுத்து கௌரவமா சாப்டறா. அந்த ஜிம்முக்காரங்க எவ்ளோ தங்கமானவங்க தெரியுமா? முட்டிய அவங்களே ஆபரேஷன் பண்ணி வுட்டாங்க.

கௌசர்: ...ஆமா.

தனகோடி: உம்மேல உசுரு அவளுக்கு. புது பெல்ட்டு தெச்சித் தர்றேன்னு எத்தினி தபா சொல்லியிருப்பேன்! வேணாம்ப்பா, கௌசரு போட்டு கழிச்சது தான் எனக்கு ராசின்னுவா. பெல்ட்டு தெக்கற அப்பன் கிட்ட அளவே குடுக்காதவ அவ ஒருத்தி தான். இதையெல்லாம் கேட்டா எப்டி துடிப்பா தெரியுமா?

கௌசர்: மாமா, நான் கெளம்பறேன். என் பெல்ட்ட குடுங்க.

தனகோடி: இரு. எங்க கெளம்பற?

கௌசர்: நான் எதுவும் பேசற மாதிரி இல்ல. நாளைக்கு ட்ரெயின் ஏறிடறேன். அப்பறம் உங்களுக்கே எல்லாம்...

தனகோடி: எல்லாம்? இன்னா எல்லாம்?

கௌசர்: ஒண்ணும் இல்ல.

தனகோடி: ட்ரெயின் ஏற மாட்ட நீ.

கௌசர்: இன்னாது?

தனகோடி: காலைலயே சொல்லிட்டேன். அசோசியேஷன் செக்ரட்டரிக்கு.

கௌசர்: ...இன்னா சொன்னீங்க?

தனகோடி: ரெண்டு பெல்ட்டையும் போட்டோ எடுத்தேன். லிஸ்ட்டையும் எடுத்தேன். வாய்ஸ் மெசேஜும் போட்டேன்.

கௌசர்: மாமா!

தனகோடி: ஊரு சோத்த தின்னுட்டு வேற கொடிக்குப் போறாளே, அவளுக்கு உங்க கேம்ப்பு எதுக்கு, பேர வெட்டுங்கன்னேன். இந்த அளவு இந்த லோகத்துல ஒருத்திக்கு தான், நான் கேரண்டினு சொன்னேன். அவ அப்பன கூப்ட்டு நிக்க வெச்சி கேளுங்க, இப்டித் தான் பொண்ண வளத்தியானு கேளுங்கன்னேன்.

கௌசர்: யா அல்லா... மாமா, இன்னா பண்ணிட்டீங்க நீங்க... ஆறு வருசம்... ஆறு வருசமா இந்த ஒரு ட்ரெயினுக்கு...

தனகோடி: அப்ப அளவு குடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.

கௌசர்: நான் குடுக்கல! நான் குடுக்கல, நான் குடுக்கல!

தனகோடி: பின்ன யாரு குடுத்தா?

சௌந்தரம்: நான் குடுத்தேன்.

தனகோடி: ...நீ எதுக்கு நடுவுல வர்ற? டீ கொட்டுது பாரு.

சௌந்தரம்: கொட்டட்டும். அளவு குடுத்தது நான் தான். அந்த டிராயர்ல கீதே உங்க டேப்பு, அதால தான் எடுத்தேன்.

கௌசர்: அத்தை, வேணாம். சொல்ல மாட்டோம்னு நாம...

சௌந்தரம்: இன்னும் எத்தினி திட்டு வாங்குவ நீ? உள்ள நின்னு கேட்டுக்கினே இருந்தேன்டி. எங்க ஆளுங்க உங்க ஆளுங்கன்னாரே, அப்பவே வந்திருக்கணும். காலு வரல. பாவி நானு.

தனகோடி: சௌந்தரம்... யாருக்கு அளவு எடுத்த?

சௌந்தரம்: தெரிஞ்சிகினே கேக்கறீங்க.

தனகோடி: தெரியல. சத்தியமா தெரியல. சொல்லு.

சௌந்தரம்: அவ ஃப்ளைட்டு ஏர்றதுக்கு மொத நாளு. நீங்க தோல் வாங்க பேரணாம்பட்டு போயிருந்தீங்க. அம்மா, இடுப்பு அளவு எடும்மா, அங்க டிரெஸ்ஸு தெக்கணும்னா. எடுத்து துண்டுச் சீட்டுல எழுதினேன். இருவத்தேழர.

தனகோடி: பொய்யி. எழிலு சோத்துக் கைக்காரி. எழிலு எதுக்கு எடது கை...

கௌசர்: என் பெல்ட்ட தான மாமா போட்டா. அஞ்சு வருசமா நான் கழிச்சது எல்லாம் அவளுக்கு தான் போச்சு. எடது கை இழுப்பு. மொதல்ல திணறுவா. அப்பறம் பழகிடுச்சு. இப்ப வலது கை பக்கிள் குடுத்தா அவளால கட்ட முடியாது. விலா வெட்டும் அப்டித் தான். அது இல்லாத பெல்ட்ட அவ போட்டதே இல்ல.

தனகோடி: ஜிம்மு... ஜிம்முல வேலன்னு...

சௌந்தரம்: ஜிம்மும் இல்ல, வேலையும் இல்ல. முட்டிய ஆபரேஷன் பண்ணது அந்த டீமு. மறுபடி தூக்கறியானு கேட்டாங்களாம். ஆறு மாசம் கழிச்சி எனக்கு சொன்னா. போன்ல அழுதா. அப்பாவுக்கு தெரிஞ்சா செத்துடுவாரும்மான்னா.

தனகோடி: நீ... நீயும் எங்கிட்ட...

சௌந்தரம்: ஆமா, மறைச்சேன். உங்க கிட்ட யாருங்க சொல்றது? டிவில கொடி வந்தா எழுந்து நிக்கற ஆளு நீங்க.

தனகோடி: இங்க கெடச்ச அவமானம் எனக்குத் தெரியாதா? அதுக்காக... வேற கொடி... எம் பொண்ணு...

கௌசர்: மாமா, இன்னொண்ணு. பெல்ட்டு எங்க தெக்கலாம்னு அந்த டீமு கோச்சு எல்லாரையும் கேட்டாராம். இவ தான் ஆம்பூருன்னிருக்கா. தன்சீல் பாய் நம்பர குடுத்ததும் இவ தான். ரிஸ்க்கு எடுக்காதடி, உங்கப்பா அளவ பாத்தே கண்டுபுடிப்பாருன்னேன். கேக்கல. எங்கப்பா தெச்சது இல்லாத நான் மேடை ஏற மாட்டேன்னுட்டா. ஒரு தபாவாவது எனக்கே எனக்குனு புதுசா தெச்சது வேணும்னா.

தனகோடி: ...ஏழாம் நம்பரு.

கௌசர்: ஆமா. செப்டம்பர்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே மேடைல. எதிர் எதிரா. ரெண்டும் உங்க பெல்ட்டு.

சௌந்தரம்: போனு... உங்க போனுங்க. அடிக்குது.

தனகோடி: யாரு?

கௌசர்: செக்ரட்டரி சாரு.

சௌந்தரம்: எடுக்காதீங்க!

கௌசர்: எடுக்கலனா நேரா எங்க வூட்டுக்கு போன் போடுவாரு. எங்கத்தாவ நிக்க வெச்சி கேப்பாரு. அவருக்கு பிரஷரு...

சௌந்தரம்: எடுத்து... தப்பா பாத்துட்டேன், யாருதுன்னு தெரியலன்னு சொல்லிடுங்க. அவள வுட்டுட்டோம்னு இங்க அசோசியேஷன் ஒரே ஒரு லெட்டரு தரணும்ங்க, அது இருந்தா தான் அங்க தூக்க முடியும். ஆட்டத்தையே விட்டுட்டேன்னு சொல்லித் தான் கேட்டிருக்கா. இப்ப தெரிஞ்சா குடுக்கவே மாட்டாங்க. அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னு நடுத்தெருவுல நிப்பா. உங்க கால்ல வுழறேன்.

தனகோடி: யாருதுன்னு தெரியலன்னா அவரு நம்புவாரா? லோகத்துல ஒருத்திக்கு தான்னு கேரண்டி குடுத்துட்டேனே. கௌசரு பேரு கௌசரு பேராவே தான் நிக்கும்.

சௌந்தரம்: நம்ம பொண்ணுங்க அவ!

தனகோடி: இவ யாரு?

சௌந்தரம்: ...

தனகோடி: கௌசரு. நீ ஏன்மா அப்பவே சொல்லல? ஒரு வார்த்த. நான் வாய்க்கு வந்தத பேசிக்கினு இருந்தேனே...

கௌசர்: முட்டி போறதுக்கு முன்னாடி சீட்டு அவளுது தான மாமா. அவ எறங்குன எடத்துல தான நான் ஏறிக்கினேன். அதான்... வாயத் தொறக்க முடியல.

சௌந்தரம்: நின்னுடுச்சு. அப்பாடா...

கௌசர்: மறுபடி அடிக்குது அத்தை.

தனகோடி: குடு போன. ...ஹலோ. வணக்கம் சார். ஆமா சார், காலைல அனுப்பினேனே, நான் தான். இல்ல சார், கொஞ்சம் நில்லுங்க... கௌசர் பேர வெட்டாதீங்க. அவ நாளைக்கு ட்ரெயின் ஏறணும். நான் தப்பா சொல்லிட்டேன்... அளவு தப்பு இல்ல சார், ஆளு தப்பு. ...தெரியும் சார். யாருன்னு தெரியும். எழுதிக்கோங்க. எழிலரசி. ...ஆமா, அந்த எழிலரசி தான், முட்டி போய் அனுப்பிட்டீங்களே, அவ தான். ...அவ அப்பனையா? கூப்புட வேணாம் சார். லைன்ல தான் நின்னுகினு கீறேன், கேளுங்க.